தரையை அளந்தது போதும்: மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், கூண்டு வரைபடங்களைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மைசூரு உயிரியல் பூங்காவில் இருந்த போலோ என்ற கொரில்லா 2014இல் இறந்தபோது இந்தியாவில் கொரில்லாவே இல்லாமல் போனது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் தனியாக வாழ்ந்த பின்னி என்ற ஒராங்குட்டான் 2019இல் இறந்தபோது ஒராங்குட்டானும் இல்லாமல் போனது. புனேயிலிருந்து 2003இல் அங்கே கொண்டுவரப்பட்ட பின்னிக்குச் சாகும்வரை தன் இனத்துத் துணை கிடையாது. பிறகு 2021இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு கொரில்லாக்களும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஒராங்குட்டான்களும் மைசூருவுக்கு வந்து சேர்ந்தன. சிம்பன்சிகள் ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கின்றன. ஒரு பூங்காவுக்கு ஒராங்குட்டான் வந்தால் அடுத்த மாநிலமும் கேட்கும். அப்படிக் கேட்கும் பூங்காக்களின் வரைபடங்கள் உங்கள் மேசைக்குத்தான் வரப்போகின்றன. உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது என்பதால்தான் இந்த மடலை எந்தப் பூங்காவுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அரசு அலுவலகம் என்று போட்டுக்கொண்டிருந்த இடத்தில், பூங்கா ஒன்றின் குரங்குக் கூண்டு வேலையும் ஒரு முறை வந்தது. விலங்கியல் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு வரைபடத்தைப் பார்த்தால் அது யாருக்காகப் போடப்பட்டது என்று சொல்லிவிடுவேன்.

குரங்குக் கூண்டுகளின் பக்கவாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பார்வையாளர் பாதையில் நிற்கும் மனிதர்களை வரைந்திருப்பார்கள். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்த அப்பா, குடை பிடித்த அம்மா, சக்கர நாற்காலியில் ஒரு முதியவர், எல்லாரும் அளவு பிசகாமல் இருப்பார்கள். அகழியின் ஆழம், சுவரின் உயரம், கண்ணாடியின் தடிமன் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைத் திட்டு, அதில் இரண்டு மரம், ஒரு மேடை. விலங்கை மட்டும் எவரும் வரைந்திருக்க மாட்டார்கள். அதன் கை எதை எட்டும், கால் எதைப் பற்றும், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போகும் என்ற கேள்வி அந்தத் தாளில் எழவே இல்லை.

இதற்கு வரைபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்த அளவுகோலே அப்படி. 2009ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளின் இணைப்பை எடுத்துப் பார்த்தால், இரவு அறைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிக்கூண்டுக்கு வந்தால் ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர மீட்டர், கூடுதல் விலங்கு ஒன்றுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று பரப்பளவோடு கணக்கு நின்றுவிடுகிறது. புலிக்கும் மானுக்கும் இந்தக் கணக்கு சரி. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தரையில் கால் படாமல் கழிக்கும் ஒரு பிராணிக்கு இதே கணக்கைப் போடுவது, மீன் தொட்டிக்கு நீள அகலம் சொல்லிவிட்டு எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது. பரப்பளவைக் கூட்டிக் கேட்கவில்லை. ஏறும் மனிதக் குரங்குகளுக்குக் காற்றில் எவ்வளவு இடம் தர வேண்டும், அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

இந்தப் பச்சைத் திட்டு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1907இல் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் தன் விலங்குப் பூங்காவைத் திறந்தபோது கம்பிக் கூண்டுகளை எடுத்துவிட்டு, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத அகழிகளை வெட்டினார். சிங்கமும் மனிதனும் ஒரே வெளியில் நிற்பது போலத் தோன்றியது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள உட்லண்ட் பார்க் பூங்கா இன்னும் ஒரு படி மேலே போனது. ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலக்காட்சி வடிவமைப்பு நிறுவனமும் பூங்காவின் இயக்குநர் டேவிட் ஹான்காக்ஸும் சேர்ந்து, கொரில்லாக்களுக்குக் காடு மாதிரியான ஒரு வெளியை உருவாக்கினார்கள். பார்க்க வருபவர் விலங்கின் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழையும் உணர்வோடு வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கான்கிரீட் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கொரில்லாக்கள் புல்லிலும் செடியிலும் இறங்கின. பூங்கா வடிவமைப்பில் அது உண்மையிலேயே பெரிய திருப்பம்.

சிக்கல் அதற்குப் பிறகு. கொரில்லா மரம் ஏறும். பழக் காலத்தில் நன்றாகவே ஏறும். ஆனாலும் நன்கு வளர்ந்த கொரில்லா பகலின் பெரும்பகுதியைத் தரையில் கழிக்கும் விலங்கு. அதற்காகப் பிறந்த அச்சை எடுத்து உலகெங்கும் சிம்பன்சிக்கும் ஒராங்குட்டானுக்கும் போட்டுவிட்டார்கள். புல்வெளி, அகழி, பாறை, நடுவில் இரண்டு காய்ந்த மரம். புகைப்படத்தில் அழகாக விழும். ஒராங்குட்டான் அந்தப் புல்லில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள், "பாவம், வெயில் தாங்கல போல" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள்.

மரத்தில் வாழும் விலங்குகளிலேயே உடலில் மிகப் பெரியது ஒராங்குட்டான். வளர்ந்த ஆண் எண்பது, தொண்ணூறு கிலோ இருக்கும். அத்தனை எடையோடு அது காட்டில் நகர்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே இடைவெளி வந்தால் அது தாவாது. தான் இருக்கும் ஒல்லியான மரத்தின் உச்சிக்குப் போய், உடம்பை முன்னும் பின்னும் சாய்த்து அந்த மரத்தையே ஆட்டத் தொடங்கும். ஆட்டம் மெல்ல விரியும். எதிர் மரம் பக்கத்தில் வரும்போது ஒரு கை நீண்டு முதலில் கைக்குக் கிடைக்கும் இலைக் கொத்தைப் பற்றும். அந்தக் கொத்து எடை தாங்காது. அதை வைத்து அடுத்த கிளையை இழுக்கும், பிறகு அதைவிடத் தடித்த ஒன்றை. அதை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகுதான் பழைய மரத்தில் இருக்கும் காலை எடுக்கும். விட்ட மரம் பின்னால் விருட்டென்று நிமிரும். வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டி இதையெல்லாம் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. பல ஆண்டுகள் தாயோடு சுற்றிக் கற்கும் பாடம் அது.

சுமத்ரா காட்டில் இந்த நடமாட்டத்தை ஆராய்ந்த சூசன்னா தோர்ப்பும் அவரது சகாக்களும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வளையும் மெல்லிய கிளைகளில்தான் ஒராங்குட்டான் இரண்டு காலில் நிமிர்ந்து, கையால் மேலே பற்றிக்கொண்டு நடக்கிறது என்றார்கள். மனிதன் நிமிர்ந்து நடந்த கதையோடு அதை இணைத்துப் பேசியதால் அந்த ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. வளைகிற பொருள் இருந்தால்தான் இந்த விலங்கின் உடம்பும் மூளையும் வேலை செய்கின்றன. நம் கூண்டுகளில் வளைகிற பொருள் எது? இரும்புக் குழாய் வளையாது. கான்கிரீட் மரம் வளையாது. சிமென்ட் மேடை வளையாது. அசைவதெல்லாம் ஒரு டயர் ஊஞ்சல்.

ஆகவே விதியில் உயரத்தை எழுதினால் போதாது. பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு நான்கு இரும்புத் தூணை நட்டு, உச்சியில் ஒரு மேடை போட்டால் உயரக் கணக்கு முடிந்துவிடும். விலங்கு ஒரு முறை ஏறும், உட்காரும், இறங்கும். பற்றுபொருட்களில் ஒரு பங்கு எடைக்கு வளைய வேண்டும், ஒரு பங்கு ஆட வேண்டும், ஒரு பங்கு அசையாமல் நிற்க வேண்டும். தடிமனும் வேறுவேறாக இருக்க வேண்டும். கிப்பன் என்ற சிறிய வாலில்லாக் குரங்கின் கை ஒரு கொக்கி மாதிரி வளைந்து மாட்டும். அதற்கு மெல்லிய குறுக்குக் கம்புகள் தேவை. சிம்பன்சிக் கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து உட்காரத் தாங்கும் தடித்த கிளைக் கவைகள் தேவை. எந்த இனத்துக்கு எத்தனை மீட்டர், எத்தனை விழுக்காடு என்பதை நிபுணர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் ஓர் எண் இருக்கட்டும். எண் இல்லாத விதியை எந்த ஒப்பந்ததாரரும் படிக்க மாட்டார்.

அடுத்தது வழி. மேலே போகும் வழிகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். அஸ்ஸாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹோலோங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கிறது. சுமார் 21 சதுர கிலோமீட்டர் காடு. ஆங்கிலேயர் காலத்தில் போட்ட ரயில் பாதை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பாதையின் அகலத்தில் மரக்கிளைகள் சேராததால், தரையில் இறங்கத் தயங்கும் ஹூலாக் கிப்பன்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அங்கே ரயில் பாதைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் பற்றி வனத்துறையும் ரயில்வேயும் பேசியிருக்கின்றன. நம் வால்பாறையில், புதுத்தோட்டம் எஸ்டேட் வழியே போகும் சாலைக்கு மேலே, சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்குக் கட்டிய பாலங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். காட்டில் பத்து மீட்டர் இடைவெளி ஒரு சுவருக்குச் சமம் என்பது நம் அதிகாரிகளுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே அறிவு பூங்காவின் கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போது எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய உயிரியல் பூங்கா 1995இல் ஒரு காரியம் செய்தது. சுமார் 15 மீட்டர் உயரக் கோபுரங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு வடங்களை இழுத்துக் கட்டியது. பார்வையாளர் நடக்கும் பாதைக்கு மேலேயே ஒராங்குட்டான்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கையால் தொங்கிப் போகின்றன. கோபுரங்களிலிருந்து கீழே இறங்காதிருக்க மின்வேலி இருக்கிறது. போகலாமா வேண்டாமா என்பது அந்த விலங்கின் விருப்பம். பார்க்க அது காடு மாதிரி இருக்காது. மின்கம்பம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒராங்குட்டான் காட்டில் எடுக்கும் முடிவை அங்கே எடுக்கிறது. சிங்கப்பூர் பூங்காவில் வேறு விதம். அங்கே உயிருள்ள பெரிய மரங்களில், தலைக்கு மேலே ஒராங்குட்டான்கள் உலவுகின்றன. மழைக்காடு அந்த ஊருக்குச் சொந்தம் என்பதால் அது அவர்களுக்குக் கைகூடியது.

இயற்கையான கூண்டு என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. இயற்கை மாதிரி தோன்றுவது ஒன்று, இயற்கை மாதிரி வேலை செய்வது ஒன்று. சிமென்டில் பட்டை வரைந்த மரமும், கம்பிச் சட்டத்தின் மேல் கலவை பீய்ச்சிச் செய்த பாறையும் முதல் வகை. அவற்றுக்கு ஆகும் பணம் அதிகம். பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிக் கட்டிய தொட்டில் இரண்டாம் வகை. அது கண்ணுக்குக் கன்றாவியாக இருக்கும் என்பதை மறைக்கவில்லை. வடிவமைப்பாளனாக எனக்கே அதைப் பார்த்தால் கை அரிக்கும். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எனக்குக் குழாய்த் தொட்டில் போதும். பாறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிருள்ள மரத்துக்கு ஈடு இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சிம்பன்சியும் ஒராங்குட்டானும் பட்டையை உரிக்கும். சுற்றி வர உரித்துவிட்டால் அந்த மரம் பட்டுப்போகும். சில மரங்களுக்கு அடியில் மின்கம்பி சுற்றிக் காக்க வேண்டும், சிலவற்றை அவற்றின் கைக்கே விட்டுவிட வேண்டும், சிலவற்றை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆல், அத்தி வகைகள் நிழலும் தரும், பழமும் தரும், கிளையும் சீக்கிரம் துளிர்க்கும். அரளியும் எருக்கும் வேலி ஓரத்தில்கூட வேண்டாம். இது போதாதென்று புயல் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்துபோன பிறகு வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. மாதக்கணக்கில் பூங்காவைத் திறக்க முடியவில்லை. ஏறுவதற்கு மரத்தை மட்டுமே நம்பியிருக்கும் கூண்டு அப்படி ஒரே ராத்திரியில் மொட்டையாகிவிடும். கிழக்குக் கடற்கரைப் பூங்காக்களுக்குக் காற்றின் வேகத்துக்குக் கணக்கிட்ட கம்பங்களும் மரங்களும் கலந்தே இருக்க வேண்டும். வெயிலும் அப்படித்தான். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிற்கும் இரும்புக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அதைப் பிடித்து ஏறச் சொல்கிறோம். தடித்த கயிறு சுற்றுவதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

இப்போது எவரும் படம் எடுக்காத இடத்துக்கு வருகிறேன். பூங்கா காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. பார்வை நேரம் முடிந்ததும் விலங்கு இரவு அறைக்குப் போகிறது, காலையில்தான் வெளியே வருகிறது. அந்தக் கணக்கில் நாளின் பதினாறு மணி நேரம் அது இரவு அறையில். வாரம் ஒரு நாள் விடுமுறை என்றால் அன்றைக்கு நிலைமை பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஆக அது வாழும் வீடு இரவு அறைதான். வெளிக்கூண்டு அது வேலைக்குப் போகும் இடம். நாம் பணத்தையும் புத்தியையும் கொட்டுவதெல்லாம் வேலை இடத்தில். ஒராங்குட்டான் காட்டில் ஒவ்வொரு மாலையும் மரத்தின் மேலே கிளைகளை மடித்து, ஒன்றோடொன்று பின்னி, இலை பரப்பிப் புதிதாகப் படுக்கை கட்டிக்கொண்டு தூங்கும். சிம்பன்சியும் அப்படியே. நாம் அதற்குத் தருவது சிமென்ட் திண்ணை. இரவு அறையின் கூரையை உயர்த்தி, மேலே தொட்டில் கட்டி, மாலையில் ஒரு கட்டு இலைக்கிளை போட்டால், அந்தக் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கும். வானிலை இடம் கொடுக்கும் ஊர்களில் இரவும் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வெளியே போவதை விலங்கின் இஷ்டத்துக்கு விடலாம். அதற்கு வெளிவேலி இரவிலும் நம்பும்படி இருக்க வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். சுலபம் என்று சொல்லவில்லை. தரைக்கும் ஒரு சின்ன யோசனை: தடிமனான மரச்செதில் படுகையோ வைக்கோல் படுகையோ போட்டு அதில் தானியம் தூவினால் குரங்குகள் மணிக்கணக்கில் துழாவும் என்பது நாற்பது ஆண்டுகளாகப் பூங்கா உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. தினமும் குழாயடித்துக் கழுவிய பளபளத் தரைதான் சுத்தம் என்ற எண்ணத்தை நம் ஆய்வுக் குழுக்கள் இன்னும் விடவில்லை.

உணவு எங்கே வைக்கிறோம் என்பதும் கூண்டு வடிவமைப்பின் பகுதிதான். தரையில் வைத்தால் விலங்கு தரைக்கு வரும், அங்கேயே உட்காரும், உடல் எடை கூடும். பார்வையாளர் எறிவதும் தரையில்தான் விழுகிறது. காப்பாளர் மேலிருந்து கப்பி வைத்து உணவை உயரத்தில் ஏற்றும் வசதி முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்றால் அது நடக்காது.

பார்வையாளரின் குறையும் நியாயமானது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, "ஒண்ணையும் காணோமே" என்று திரும்பினால் யாருக்கும் கோபம்தான் வரும். அதற்காக விலங்கைத் தரைக்கு இறக்க வேண்டாம். பாதையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சரிவான பாதை மரத்தின் நடு உயரத்துக்குப் போனால் சக்கர நாற்காலியில் வருபவரும் பார்க்கலாம். ஒரு கட்டுப்பாடு: மனிதன் நிற்கும் இடம் விலங்கின் உச்சி இருக்கையைவிட உயரமாக இருக்கவே கூடாது. பழைய குழிக் கூண்டுகளில் நான்கு பக்கமும் மேலிருந்து ஆட்கள் குனிந்து கத்துவார்கள்; ஒதுங்க இடமில்லாத விலங்கு சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அது எந்தப் பெயரிலும் திரும்பி வரக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றி உங்கள் குழு கேட்கும். கேட்க வேண்டியதுதான். ஏறுவதற்கு வசதி செய்தால் வெளியே ஏறி வந்துவிடாதா? அமெரிக்காவின் சான் டியேகோ பூங்காவில் கென் ஆலன் என்ற ஒராங்குட்டான் 1985இல் மீண்டும் மீண்டும் சுவர் ஏறி வெளியே வந்தது. வந்து யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மற்ற விலங்குகளைப் பார்த்துக்கொண்டு சுற்றியது. கடைசியில் மலையேறும் வீரர்களை வரவழைத்து, சுவரில் விரல் நுழையும் இடங்களைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். அடைத்து வைக்க வேண்டிய சுவரே ஏணியாக இருந்திருக்கிறது! ஒமாஹா பூங்காவில் ஃபூ மாஞ்சு என்ற இன்னொன்று 1968இல் ஒரு கம்பித் துண்டை வாயில் ஒளித்து வைத்துக்கொண்டு கதவுத் தாழைத் திறந்து வந்தது. ஆக எல்லைச் சுவர் வழவழப்பாகவும், ஏறும் அமைப்பு எல்லையிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். வளையும் கம்பம் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று எடை ஏற்றிப் பார்த்த பிறகே நட வேண்டும். நீர் அகழி வெட்டினால், மனிதக் குரங்குகளுக்குப் பொதுவாக நீச்சல் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. 1990இல் டெட்ராய்ட் பூங்காவில் அகழியில் விழுந்து மூழ்கிய ஒரு சிம்பன்சியை, பார்க்க வந்த ஒருவர் குதித்துத்தான் தூக்கினார். விலங்கின் பக்கம் ஆழம் படிப்படியாகக் கூட வேண்டும், பிடித்து ஏற வலையோ கயிறோ வேண்டும். பார்வையாளர் பக்கத் தடுப்பு மூன்று வயதுக் குழந்தையை மனதில் வைத்துக் கட்டப்பட வேண்டும். 2016இல் சின்சினாட்டியில் ஒரு சிறுவன் தடுப்பைத் தாண்டி விழுந்ததால் ஹராம்பே என்ற கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துப்பாக்கி சுட்டது ஒரு தடுப்புச் சுவரின் குறைக்காக.

இவை எல்லாவற்றையும் கவிழ்க்கும் விஷயம் ஒன்று உண்டு: டெண்டர். நான் வேலை செய்த பூங்காவில் மதிப்பீடு போடும்போது செங்கல், சிமென்ட், கம்பி, ஓடு எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியலில் இடம் கிடைத்தது. முறுக்கிய தடிக்கயிற்றுக்கும் தொட்டிலுக்கும் வளையும் கம்பத்துக்கும் கிடைக்கவில்லை. "பட்டியல்ல இல்லாத ஐட்டத்தைப் போட்டா ஆடிட்ல கேள்வி வரும் சார்" என்றார் அலுவலர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கயிறு மதிப்பீட்டிலிருந்து போனது, இன்னொரு பாறை உள்ளே வந்தது. கயிறு தேயும் பொருள் என்பதும் இன்னொரு தொல்லை. நைந்து நூல் பிரிந்தால் குட்டியின் விரலோ கழுத்தோ சிக்கும். மாதாமாதம் சோதித்து மாற்ற வேண்டும். கட்டுமானத்துக்குக் கோடிகளில் ஒதுக்கும் அரசு, கயிறு மாற்ற ஆயிரங்களில் ஒதுக்காது. ஒப்புதல் கடிதத்திலேயே நீங்கள் ஒரு நிபந்தனை போடலாம்: கயிறு, தொட்டில், இலைக்கிளை, இவற்றுக்கு ஆண்டுச் செலவுத் தலைப்பு இல்லாத கூண்டுக்கு ஒப்புதல் இல்லை என்று. இத்தகைய பொருட்களுக்கு மாதிரி விலை விவரமும் ஆணையமே வெளியிட்டால் மாநில அலுவலர்களின் தணிக்கைப் பயம் தீரும்.

வரைபடத்தில் இன்னொரு கையெழுத்தும் வேண்டும். அந்த வேலையில் நான் பெருமையோடு விரித்துக் காட்டிய தாளைப் பார்த்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் குரங்குகளோடு பழகிய காப்பாளர் அண்ணன் ஒருவர் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு சார். இந்தக் கதவைத் திறக்கறப்போ நான் எங்க நிக்கணும்? அது எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கதவை இயக்கும் இடத்திலிருந்து உள்ளே பார்க்கவே முடியாதபடி ஒரு தூண் நின்றது. கட்டிய பிறகு அவர் கேட்டிருந்தால் தூண் அப்படியே நின்றிருக்கும். தலைமைக் காப்பாளரும் கால்நடை மருத்துவரும் வரைபடத்தைப் பார்த்து, தங்கள் மொழியில் கருத்தெழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இணைக்கப்படாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். செலவில்லாத சீர்திருத்தம் இது ஒன்றுதான்.

புது விதியை எங்கிருந்து தொடங்குவது என்றால் ஹூலாக் கிப்பனிலிருந்து தொடங்குங்கள். ஒராங்குட்டானும் கொரில்லாவும் நமக்கு விருந்தாளிகள். இந்தியக் காடுகளில் இயற்கையாக வாழும் ஒரே வாலில்லாக் குரங்கு ஹூலாக்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அழியும் நிலையில் இருக்கிறது, அஸ்ஸாமிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் பூங்காக்களில் வளர்க்கப்படுகிறது. ஆறு முதல் ஒன்பது கிலோ எடைதான். ஆகவே பெரிய குரங்குகளுக்கு ஆகும் செலவும் ஆபத்தும் இதில் இல்லை. மூங்கிலும் கயிறும் வலையும் வைத்து, நீளவாக்கில் ஒரு கூண்டு. ஊசலாடிக் கையை வீசி ஓடுவதற்கு இடையில் தடையில்லாத ஒரு நெடும்பாதை. அது முடிகிற இடத்தில் முட்டுச்சுவர் இல்லாமல் வளைந்து திரும்பும் இன்னொரு பாதை. காலையில் ஜோடியாகப் பாடுவதற்கு எல்லாவற்றுக்கும் மேலே ஓர் இருக்கை. குவாஹாட்டிப் பூங்காவில் ஒன்றும் தென்மாநிலம் ஒன்றில் ஒன்றுமாக இரண்டு மாதிரிக் கூண்டுகள் கட்டி, ஓராண்டு எந்தப் பொருளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றன என்று காப்பாளர்களையே குறிக்கச் சொன்னால், விதியில் எழுத வேண்டிய எண்கள் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

அடுத்த தொழில்நுட்பக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டும் என்பதும், வரைவு விதி வரும்போது அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிடாமல் காப்பாளர்கள் படிக்கும் மாநில மொழிகளிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது மூன்று மாதம் தர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். தமிழ் வரைவைச் சரிபார்க்கவும், மாதிரிக் கூண்டின் வரைபடத்தைக் கட்டணமில்லாமல் போட்டுத் தரவும் நான் தயார்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு கட்டட வரைவாளர்